இடிபாட்டின் உயரம்

சுண்ணாம்புப் பாறைக்குள் எப்போதோ ஒரு குகை உருவாகி, கூரை இடிந்து விழுந்திருக்கும். பிறகு அதன்மேல் மணலும் களியும் படிந்து, அவையும் பாறையாகியிருக்கும். இதைத்தான் தொல் கார்ஸ்ட் என்கிறோம். மண் ஆய்வு அறிக்கைகள் பலவற்றில் இது ‘பழைய இடிபாடு’ என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிடுகிறது. பழையது என்பதாலேயே அடங்கிப்போனது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அடங்கியதா இல்லையா என்பதை ஊகிக்க ஓர் எளிய கணக்கு உண்டு.

பாறை உடைந்தால் முன்னைவிட அதிக இடத்தை அடைக்கும். 30 சதவீதம் பருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் உயர வெற்றிடத்தின் கூரை இடிந்துகொண்டே மேலேறினால், 10 மீட்டர் ஏறுவதற்குள் இடிபாடே வெற்றிடத்தை நிரப்பி, கூரையைத் தாங்கிவிடும் (3 ÷ 0.3). 20 சதவீதம்தான் பருக்கிறது என்றால் 15 மீட்டர். அதற்குமேல் இடிவு ஏறக் காரணமில்லை.

இப்போது அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியைப் பாருங்கள். அங்கே ரெட்வால் சுண்ணாம்புப் பாறையில் தொடங்கிய இடிவுக் குழாய்கள் (கூரை இடிந்து இடிந்து மேலேறியதால் உருவான, உடைகல் நிறைந்த செங்குத்துத் தூண்கள்), சுமார் 90 மீட்டர் விட்டத்தில், மேலுள்ள மணற்பாறையையும் களிப்பாறையையும் துளைத்துக்கொண்டு 900 மீட்டர் வரைகூட ஏறியிருக்கின்றன. மேற்சொன்ன கணக்குப்படி அதற்கு 270 மீட்டர் உயரக் குகை வேண்டும். ரெட்வால் பாறையின் தடிமனே அவ்வளவு கிடையாது. அப்படியானால் அடியில் விழுந்த கற்களை நிலத்தடி நீர் நெடுங்காலம் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. இடம் காலியாகக் காலியாக மேலிருந்து அடுத்தது விழுந்திருக்கிறது. உயரமான இடிபாடு எங்கே தென்பட்டாலும் அங்கே ஒரு காலத்தில் நல்ல நீரோட்டம் இருந்தது என்று பொருள். அந்த வழி இன்று அடைபட்டிருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. அதற்கு விடை கற்களில் இல்லை, கற்களுக்கு இடையே உள்ள நிரப்பில் இருக்கிறது.

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், கைலுவான் நிலக்கரி வயலில் உள்ள ஃபாங்கேஜுவாங் சுரங்கத்தில் நடந்தது இதற்குச் சான்று. நிலக்கரிக்கு அடியில் அதைவிடப் பழைய, ஆர்டோவிசியன் என்ற புவியியல் காலத்துச் சுண்ணாம்புப் பாறை. அதிலிருந்து நிலக்கரிப் படுகைக்குள் ஏறி நின்றது ஒரு பழைய இடிவுத் தூண். 1984 ஜூன் 2 அன்று அதன் வழியே நீர் பீறிட்டது. உச்சத்தில் நிமிடத்துக்கு 2,053 கன மீட்டர். சுரங்கமே மூழ்கியது. வட சீன வயல்களில் களி இறுகி நிறைந்த இடிவுத் தூண்கள் ஏராளம். அவற்றை ஊடறுத்துத் தோண்டியும் சொட்டு நீர் வராததுண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது.

ஆகவே துளையிட்டு எடுத்த உருளை வடிவப் பாறை மாதிரியை, அதாவது கோரை, படிக்கும்போது மூன்று நிலைகளைப் பிரித்து எழுதுங்கள். விரிசல் மட்டும் விட்டு, துண்டுகள் இடம்பெயராமல் இருப்பது முதல் நிலை: குகையின் கூரையோ ஓரமோ. துண்டுகள் சற்றே விலகியும், சேர்த்தால் பொருந்தும்படி இருப்பது இரண்டாவது. பல படிவங்களின் கற்கள் தாறுமாறாகக் கலந்து கிடப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதில், மேற்படிவத்துக் கல் தன் இயல்பான மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்று அளந்தால் குழாய் எவ்வளவு ஏறியது என்பதற்குக் குறைந்தபட்ச அளவு கிடைக்கும். பிறகு நிரப்பு: கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் பிடித்து இறுகியதா, களியா, கழுவிப்போகும் மணலா, வெறும் இடைவெளியா? ‘கோர் கிடைக்கவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்வதுதான் பெரும் தவறு. துளையிடும் ராடு தானாக இறங்கிய ஆழம், துளைக்குள் செலுத்திய நீர் மேலே திரும்பாமல் போன ஆழம் இரண்டையும் அந்தந்த நேரத்திலேயே குறிக்க வேண்டும். கோர் பெட்டியைப் பார்த்துப் பிறகு நினைவுகூர முடியாத தகவல்கள் இவை.

துளைகளை மட்டும் நம்பவும் கூடாது. 20 மீட்டர் இடைவெளிச் சதுரக் கட்டத்தில் துளையிட்டால், 5 மீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயில் துளை விழும் வாய்ப்பு சுமார் 5 சதவீதமே. 10 மீட்டராகக் குறைத்தாலும் 20 சதவீதம். முதலில் நிலத்தின் மின்தடை அளவீடோ, ஈர்ப்பு விசையின் சிறு மாற்றத்தை அளக்கும் நுண் ஈர்ப்பு அளவீடோ செய்து, சந்தேகமான இடத்தில் துளையிடுவதே சரி. நுண் ஈர்ப்புக்கும் எல்லை உண்டு. 2 மீட்டர் ஆரமுள்ள காற்று நிறைந்த வெற்றிடம், மையம் 5 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஈர்ப்பில் 22 மைக்ரோகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் மிக நுண்ணிய அலகு) அளவு குறைவு காட்டும். 10 மீட்டர் ஆழமென்றால் 6-க்கும் கீழே, கருவியின் பிழையளவுக்கே வந்துவிடும். தரை ஊடுருவு ரேடார் ஈரக் களிமண்ணில் ஓரிரு மீட்டரைத் தாண்டாது.

அடங்கிக் கிடந்ததை எழுப்புவது பெரும்பாலும் நீர்மட்ட மாற்றம்தான். நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால், மேலே 5 மீட்டர் மண் கொட்டியதற்குச் சமமான சுமை, சுமார் 100 கிலோபாஸ்கல், மண்ணின் எலும்புக்கூட்டின் மீது, அதாவது ஒன்றையொன்று தாங்கும் மண் துகள்கள் மீது, ஏறும். கூடவே, மண் பாறைப் பிளவுகளுக்குள் சரியவும் வழி திறக்கும். தென்னாப்பிரிக்காவின் வெஸ்ட் டிரீஃபோன்டெய்னில் தங்கச் சுரங்கத்துக்காக டோலமைட்டிலிருந்து (சுண்ணாம்புப் பாறை போலவே நீரில் கரையும் பாறை) நீர் இறைத்தார்கள். 1962 டிசம்பர் 12 அன்று நிலம் திறந்து, கல் நொறுக்கும் ஆலை உள்ளே போனது. 29 உயிர்கள். அந்த டோலமைட்டின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு.

ஜிப்சம் இருக்கும் இடத்தில் பழையது, புதியது என்ற பிரிவே செல்லாது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையும் பாறை அது. இங்கிலாந்தின் ரிப்பன் நகரில் பழைய இடிவுக் குழாய்கள் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன.

பள்ளம் திறந்த பிறகு அவசரத்தில் கான்கிரீட் ஊற்றி மூடுவதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. நீரின் வழி பக்கத்துக்கு மாறும், அங்கே அடுத்தது திறக்கும். தளர்ந்த மண்ணை அகற்றித் தொண்டையை, அதாவது மண் பாறைக்குள் இறங்கும் வாயை, கண்டுபிடியுங்கள். அதன் அகலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெரிய கற்களை முதலில் சிக்க வையுங்கள். அதன்மேல் சிறு கல், சரளை, மணல் என்று படிப்படியாக, மேல் அடுக்கு கீழ் அடுக்கின் இடைவெளியில் இறங்காத அளவில் போடுங்கள். மேலே வடிகட்டித் துணி விரித்து, இறுக்கிய களிமண்ணால் மூடி, மழைநீர் விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். அருகே செல்லும் குடிநீர்க் குழாயிலும் கழிவுநீர்க் குழாயிலும் கசிவுச் சோதனை செய்யாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.