நாலாவது புள்ளி: கல்லூரிப் பெண்கள் டென்னிஸ் குறிப்புகள், 2025

ஜனவரி 18, சனி

அமெரிக்கக் கல்லூரிகளில் அணி ஆட்டங்களின் பருவம் தொடங்கிவிட்டது. புதிதாகப் பார்க்க வருபவர்களுக்கு முதலில் கணக்கு. ஒரு மோதலுக்கு மொத்தம் 7 புள்ளிகள். மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொன்றும் ஆறு கேம் கொண்ட ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு புள்ளி. அதற்குப் பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நாலு எடுத்தால் வெற்றி.

முதல் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரமும் ஒரு புள்ளிதான், ஆறாவது கோர்ட்டில் ஆடும், பெயர் தெரியாத முதலாமாண்டுப் பெண்ணும் ஒரு புள்ளிதான். பயிற்சியாளரின் வேலை முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது. பெரிய பெயர் ஒன்றைப் பிடித்துவந்து ஐந்தாம், ஆறாம் இடங்களைக் கவனிக்காமல் விட்டவர்கள், பட்டப் போட்டி நடக்கும் மே மாதத்தில் வீட்டில்தான் இருப்பார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

இரட்டையர் புள்ளி சின்னதுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. இரண்டு அணிகளும் சரிசமம், ஆறு ஒற்றையரும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரட்டையர் புள்ளி கையில் இருந்தால் ஆறில் மூன்று போதும். வாய்ப்பு 64இல் 42, அதாவது சுமார் 66 சதவீதம். அது போய்விட்டால் ஆறில் நாலு வேண்டும். வாய்ப்பு 34 சதவீதம். முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டம் மோதலை இவ்வளவு சாய்த்துவிடுகிறது.

முன்பு இரட்டையர் எட்டு கேம் வரை போகும். ஆறு கேமாகக் குறைந்து, டியூஸ் (40-40 சமநிலை) வந்தால் அடுத்த ஒரே புள்ளியில் கேம் முடியும் என்றும் ஆன பிறகு, தான் சர்வ் செய்யும் கேம் ஒன்று பறிபோனாலே பெரும்பாலும் செட் போய்விடுகிறது. டியூஸில் எந்தப் பக்கம் பந்தைப் பெறுவது என்பதை எதிர்கொள்ளும் ஜோடிதான் தேர்ந்தெடுக்கும். அந்த முடிவை அங்கே நின்று யோசிக்கக் கூடாது. யார் எடுப்பது, நேராகவா குறுக்காகவா என்பதெல்லாம் காலையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும். சர்வ் செய்யும் பக்கத்துக்கு ஒரே விதி: வேகத்தைக் குறைத்தாவது முதல் சர்வை உள்ளே போடு. இரண்டாவது சர்வை அடித்து விளாசக் காத்திருப்பவர்கள் எல்லா அணியிலும் உண்டு.

பொதுவாக நடக்கும் தவறு, ஒற்றையர் வரிசையில் முதல் இரண்டு பேரையும் சேர்த்து முதல் ஜோடியாக்குவது. இருவருமே பின்கோட்டிலிருந்தே ஆடுபவர்கள் என்றால் வலைக்கருகே ஆளே இருக்காது. ஒருத்தி திரும்ப அடிப்பதில் தவறாதவள், இன்னொருத்தி வலையில் குறுக்கே பாயத் தயங்காதவள் என்று பொருத்த வேண்டும். ஒற்றையரில் இடமே கிடைக்காத ஏழாவது பெண் இங்கே தங்கமாக இருப்பாள்.

பிப்ரவரி 20, வியாழன்

பருவ நடுவில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி தரக் கூடாது. நாளுக்கு 4 மணி. வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. இது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி. போட்டி நாள் எத்தனை மணி நேரம் இழுத்தாலும் 3 மணி என்றே கணக்கு. வெள்ளியும் ஞாயிறும் மோதல் இருந்தால் 6 மணி போய், மிச்சம் 14.

அந்த 14ஐப் பிரிப்பதில்தான் ஒவ்வொரு பயிற்சியாளரின் குணமும் தெரியும். நான் நியாயமென்று நினைக்கும் பங்கீடு: கோர்ட்டில் நாலு நாள், தலா இரண்டரை மணி, உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி வீதம் இரண்டு முறை, வீடியோ பார்க்க ஒரு மணி, கடைசி ஒரு மணியைத் தனித்தனியாக, யாருக்கு எது ஓட்டையோ அதற்கு. கோர்ட் நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இரட்டையருக்கு வேண்டும். பெரும்பாலோர் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வெள்ளிக்கிழமை முகம் வாடுகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

பெண்கள் அணிகளுக்கு என்சிஏஏ பட்டப் போட்டி 1982இல் தொடங்கியது. முதல் பட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கு. அதையும் சேர்த்து 20 பட்டங்கள் அங்கே இருக்கின்றன: பத்து பயிற்சியாளர் ஃபிராங்க் பிரென்னன் காலத்தில் (1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு), பத்து லெலே ஃபொரூட் காலத்தில். ஃபொரூட் அதே கல்லூரிக்கு ஆடியவர், பிறகு பிரென்னனின் துணைப் பயிற்சியாளர். தலைமைக்கு வந்த முதல் பருவமான 2001இலேயே பட்டம்.

2004, 2005, 2006 மூன்று பருவங்களிலும் அவர் அணி ஒரு மோதலிலும் தோற்கவில்லை. அந்தத் தொடர் 89 வெற்றி வரை போனது. எல்லோரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அப்போது ஸ்டான்ஃபோர்டின் ஆறாவது ஆட்டக்காரர் வேறு பல கல்லூரிகளில் முதலிடத்தில் ஆடியிருப்பார். பயிற்சியாளராக அவரை எடைபோட வேண்டுமென்றால் அடுத்த பத்தாண்டைப் பார்க்க வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

வரிசை பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆட்டத்திறன் வரிசைப்படிதான் ஆறு பேரையும் நிறுத்த வேண்டும். வலிமையானவரைக் கீழே இறக்கி எளிதாகப் புள்ளி எடுக்கும் தந்திரம் செல்லாது. ஒருவர் காயப்பட்டால் கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள். மூன்றாம் ஆள் விழுந்தால் 3, 4, 5, 6 நாலு கோர்ட்டிலும் ஒரே நாளில் பலவீனம். ஏழாவது, எட்டாவது பெண்ணுக்கு பிப்ரவரியிலேயே சில நிஜ ஆட்டங்கள் கொடுத்து வைப்பது இதற்காகத்தான்.

மே 5, திங்கள்

என்சிஏஏ பட்டப் போட்டியில் 64 அணிகள், பட்டத்துக்கு ஆறு வெற்றி. இப்போது ஃபொரூட்டின் இரண்டாம் பத்தாண்டு.

2011 இறுதிப் போட்டி ஸ்டான்ஃபோர்டின் சொந்த மைதானத்தில். ஃபுளோரிடாவுடன் 3-3. கடைசி ஆட்டத்தின் மூன்றாம் செட்டில் ஸ்டான்ஃபோர்டின் மல்லரி பர்டெட் 4-0 முன்னிலை. ஃபுளோரிடாவின் லாரன் எம்ப்ரீ அங்கிருந்து ஏறி டை-பிரேக்கரில் வென்றார், பட்டம் ஃபுளோரிடாவுக்கு. அடுத்த ஆண்டு பர்டெட் தனிநபர் இறுதி வரை போனார். நிக்கோல் கிப்ஸுடன் சேர்ந்து இரட்டையர் பட்டமும் வென்றார். தோற்ற பெண்ணை ஒரு வருடத்தில் அங்கே கொண்டுவந்து நிறுத்திய வேலை எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் வராது.

2013இல் போட்டித் தரவரிசையில் 12ஆம் இடத்தில் நுழைந்து பட்டம், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மீது 4-3. 2016இல் 15ஆம் இடம், ஓக்லஹோமா ஸ்டேட் மீது 4-3. 2018இல் மீண்டும் 15ஆம் இடம், வாண்டர்பில்ட் மீது 4-3. மூன்றுமே கடைசிப் புள்ளி வரை போனவை. என்னைக் கேட்டால் தோல்வியே இல்லாத அந்த மூன்று பருவங்களைவிட இந்த மூன்றும்தான் பெரியவை.

3-3 ஆகும்போது ஒரே ஒரு கோர்ட்தான் ஓடிக்கொண்டிருக்கும். சக ஆட்டக்காரர்கள் எல்லோரும் வேலியோரம் கத்துவார்கள். அங்கே நிற்பது நாலாவதோ ஐந்தாவதோ ஆட்டக்காரராக இருக்கலாம். அதனால் பயிற்சியில் மூன்றாம் செட்டை 4-0இல் தொடங்கி, முன்னிலையில் இருப்பவளுக்கும் துரத்துபவளுக்கும் மாறிமாறி ஆட்டம் கொடுக்க வேண்டும். முன்னிலையில் இருப்பவள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: பந்தைக் காப்பாற்றி அனுப்பத் தொடங்குவாள், நீளம் குறையும், எதிராளி உள்ளே வந்துவிடுவாள். பயிற்சியாளர் அப்போது போய் உற்சாக வார்த்தை சொல்வதில் பயனில்லை. “பின்கோட்டுக்கு ஒரு கஜம் உள்ளே விழட்டும், பேக்ஹேண்ட் பக்கம்” என்று இடத்தைச் சொல்ல வேண்டும்.

மே 19, திங்கள்

டெக்ஸஸின் வேக்கோவில் நேற்று நடந்த பட்ட இறுதிப் போட்டியில் ஜார்ஜியா, நடப்பு சாம்பியன் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை 4-0 என்று முடித்தது. நாலு வந்ததும் மற்ற கோர்ட்டுகளை அப்படியே நிறுத்திவிடுவார்கள். ஜார்ஜியாவின் முந்தைய பட்டங்கள் 1994, 2000. இரண்டும் பயிற்சியாளர் ஜெஃப் வாலஸ் காலத்தவை. அவர் 2023இல் ஓய்வு பெற்றதும் துணைப் பயிற்சியாளர் டிரேக் பெர்ன்ஸ்டைன் பொறுப்பேற்றார். ஸ்டான்ஃபோர்டிலும் இதே வழிதான். வெளியிலிருந்து பெரிய பெயரைக் கொண்டுவரும் நிர்வாகங்கள் இதைக் கவனிக்கலாம்.

ஜூன் 7, சனி

கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்சிஏஏ மீது தொடரப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நேற்று நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. இதுவரை பெண்கள் டென்னிஸ் அணிக்கு எட்டு முழு உதவித்தொகை, ஆண்களுக்கு நாலரை மட்டும். இனி சமரசத்தை ஏற்கும் கல்லூரிகளில் அணிக்குப் பத்துப் பேர் என்ற வரம்புதான். பத்துப் பேருக்கும் உதவித்தொகை தரலாம், பணம் இருந்தால். பணமுள்ள கல்லூரியின் ஒன்பதாவது பெண் இனி நடுத்தர அணிக்குப் போக மாட்டாள் என்பது என் பயம். உதவித்தொகை இல்லாமல் பத்துக்கு மேல் ஆள் வைத்திருந்த அணிகள் வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

பத்தாம் வகுப்பை முடித்த பெண்களைப் பயிற்சியாளர்கள் இன்று முதல் தாங்களாகத் தொடர்புகொள்ளலாம். கல்லூரிச் செலவில் நேரில் வரவழைப்பது ஆகஸ்ட் 1 முதல். நள்ளிரவிலேயே குறுஞ்செய்திகள் போய்விடும்.

தரவரிசை எண் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதற்கு மேல் பார்க்க வேண்டியவை: மூன்று செட் போன ஆட்டங்களில் எத்தனை வென்றாள், ஒரு நாளில் இரண்டாவது ஆட்டத்தில் கால் எப்படி நகர்கிறது, இரட்டையரில் கூட்டாளி தவறவிட்டதும் முகம் எங்கே திரும்புகிறது. பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு: முதல் வருடம் ஆறாவது கோர்ட்டில் நிறுத்தினால் வருவாயா? பதில் சொல்ல அம்மா அப்பா முந்திக்கொண்டால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.