எம்எம்ஏ-வோட அப்பா யாரு? என் ஓட்டு புலி முகமூடிக்காரருக்கு

எங்க வாட்ஸ்ஆப் குரூப்ல ஞாயித்துக்கிழமை காலைல டிவில யூஎஃப்சி (கூண்டுக்குள்ள நடக்கிற அமெரிக்க சண்டைப் போட்டி) ஓடிட்டு இருந்தா மேட்ச்சை விட இந்தச் சண்டைதான் பெருசா நடக்கும், எம்எம்ஏ-வ, அதான் அடி, உதை, தரைப் பிடின்னு எல்லா வித்தையும் கலந்து மோதுற மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸை, யார் ஆரம்பிச்சாங்கன்னு. ஒருத்தன் புரூஸ் லீம்பான், இன்னொருத்தன் பிரேசிலோட ஜியு-ஜிட்சு குடும்பமான கிரேஸி குடும்பம்பான், நாலு புக்கு படிச்சவன் ஒருத்தன் வந்து கிரேக்கத்துல கிமு 648லயே ஒலிம்பிக்ல பாங்க்ரேஷன்னு ஒரு சண்டை இருந்துச்சு, கடிக்கிறதும் கண்ணைத் தோண்டுறதும் தவிர எல்லாமே அலவ்டுன்னு ஆரம்பிப்பான், கடைசியா எவனாவது போதிதர்மரை காஞ்சிபுரத்துலேர்ந்து கூட்டிட்டு வந்து நிறுத்திடுவான். போதிதர்மர் விஷயத்தை சட்டுனு முடிச்சுடறேன், அவர் ஷாவோலின் பிட்சுகளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்ங்கிறது 17ஆம் நூற்றாண்டுல எழுதின ஒரு நூல்லேர்ந்து கிளம்பின கதை, அவர் காலத்துக்கும் அதுக்கும் நடுவுல ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கு. பாங்க்ரேஷன் நிஜமாவே இருந்துச்சு, ஆனா அங்கேர்ந்து இன்னைக்கு கூண்டுக்குள்ள நிக்கிறவன் வரைக்கும் குரு சிஷ்யன் வரிசை எதுவும் கிடையாது, நடுவுல மொத்தமா அறுந்துபோச்சு. யார்கிட்ட யார் கத்துக்கிட்டாங்கன்னு கோடு போட முடிஞ்சாதான் நான் ஒத்துக்குவேன்.

புரூஸ் லீ கட்சிக்காரங்க கைல யூஎஃப்சி-ய நடத்துற டேனா வைட் இருக்காரு, அவரே லீயைத்தான் எம்எம்ஏ-வோட தந்தைன்னு சொல்லிட்டாரேன்னு எடுத்துப் போடுவாங்க. லீ 1967லயே தன் சண்டை முறைக்கு ஜீத் குன் டோ-னு பேர் வெச்சு, எந்த ஸ்டைலா இருந்தாலும் உதவுறதை எடுத்துக்கோன்னு சொன்னாரு, ஜூடோக்காரர் ஜீன் லெபெல்கூட பழகி தரைப் பிடிகளும் கத்துக்கிட்டாரு, 1973ல வந்த என்டர் தி டிராகன் முதல் சீன்ல விரல் தெரியுற கிளவுஸ் போட்டுக்கிட்டு சம்மோ ஹங்கை பூட்டுப் போட்டு டேப் பண்ண (கையால தட்டி தோல்வியை ஒத்துக்க) வெப்பாரு, அதெல்லாம் சரி. ஆனா அவர் ஒரு போட்டி நடத்தலையே, ஒரு ரூல் புக்கு எழுதலையே. அந்த லெபெல் இருக்காரே, அவர் 1963லயே சால்ட் லேக் சிட்டில மைலோ சாவேஜ்ங்கிற பாக்ஸரோட நிஜமாவே மோதி நாலாவது ரவுண்ட்ல கழுத்தை நெரிச்சு மயக்கம் போட வெச்சவரு, அவர் பேரை யாரும் எடுக்கிறதே இல்ல.

இப்ப கிரேஸி கட்சி. இவங்க வாதம் வலுவானதுதான், 1993 நவம்பர் 12 டென்வர்ல முதல் யூஎஃப்சி, ஐம்பதாயிரம் டாலர் பரிசு, ராய்ஸ் கிரேஸிங்கிற ஒல்லிப்பிச்சான் வெள்ளை கி (ஜூடோக்காரங்க போடுற மாதிரி உடுப்பு) போட்டுக்கிட்டு வந்து ஒரே ராத்திரில மூணு பேரை டேப் பண்ண வெச்சுட்டாரு. அந்த ராத்திரியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க, முதல் மேட்ச்ல ஜெரார்ட் கோர்டோ உதைச்ச உதைல டெய்லா துலியோட பல்லு பறக்குது, ஆர்ட் ஜிம்மர்சன்னு ஒரு பாக்ஸர் ஒரே ஒரு கைக்கு மட்டும் கிளவுஸ் மாட்டிட்டு வந்து நிக்கிறாரு. கராத்தேயா, பாக்ஸிங்கா, சுமோவா, எது ஒசத்தின்னு பாக்க வெச்ச போட்டி அது. போட்டியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ராய்ஸோட அண்ணன் ஹோரியன் கிரேஸிக்கு வேண்டியது எங்க வீட்டு வித்தைதான் ஒசத்திங்கிற ரிசல்ட்டு, கலக்குறது அவர் கணக்குலயே இல்ல. அப்புறம் எப்படிங்க அது "மிக்ஸ்டு" ஆகும்?

நான் இதை வேற மாதிரி பாக்குறேன், ஒரே ஒரு பிடியைப் பிடிச்சுக்கிட்டு போனா போதும். எதிராளி மணிக்கட்டை ஒரு கையால புடிச்சு, இன்னொரு கையால அவன் கையைச் சுத்தி வளைச்சு நம்ம மணிக்கட்டையே புடிச்சு பூட்டிட்டு, அப்படியே அவன் முதுகுப் பக்கமா முறுக்குறது. டேப் பண்ணலைன்னா தோள்பட்டையோ முழங்கையோ போயிடும். 1951 அக்டோபர்ல ரியோ மாரகானா ஸ்டேடியத்துல ஜப்பான் ஜூடோ ஜாம்பவான் கிமுரா மசாஹிகோ இதே பிடில ஹீலியோ கிரேஸி கையை உடைச்சாரு, ஹீலியோ டேப் பண்ணவே இல்ல, அண்ணன் கார்லோஸ்தான் டவலை எறிஞ்சு, தோல்வியை ஒத்துக்கிட்டு முடிச்சு வெச்சாரு. அதே கிமுரா 1954ல ஜப்பான்ல ப்ரோ ரெஸ்லர் ரிகிடோசான் கிட்ட அடிவாங்குறாரு, அது முன்னாடியே பேசி வெச்ச ஆட்டம், ரிகிடோசான் நடுவுல பேச்சை மீறி நிஜமாவே அடிச்சுட்டாருன்னு இன்னைக்கும் சண்டை ஓடுது. அந்த ரிகிடோசான் 1960ல பிரேசிலுக்குப் போனப்ப அங்க குடியேறியிருந்த ஒரு ஜப்பான் பையனைப் பாத்து கூட்டிட்டு வந்து ரெஸ்லர் ஆக்குறாரு, அவர்தான் அன்டோனியோ இனோகி.

இனோகியை நம்மாளுங்களுக்கு 1976 ஜூன்ல டோக்கியோ புடோகான்ல முகமது அலியோட மோதினவரா மட்டும்தான் தெரியும். 15 ரவுண்டும் தரைல படுத்துக்கிட்டே அலி காலை உதைச்சாரு, டிரா ஆச்சு, ஜனங்க குப்பையைத் தூக்கி எறிஞ்சாங்க, அலி காலு வீங்கி ரத்தம் கட்டிப்போச்சு, ரெஃப்ரி யாருன்னு பாத்தா நம்ம லெபெல். அதே வருஷம் டிசம்பர்ல கராச்சில அக்ரம் பயில்வானோட இனோகி மோதினது நிஜச் சண்டையா மாறிப்போச்சு, அங்க அக்ரம் கையைக் காலி பண்ணினது அதே பூட்டு. அப்புறம் 2000ல கஸுஷி சகுராபா, இவரும் ப்ரோ ரெஸ்லிங்லேர்ந்து வந்தவர்தான், மே மாசம் டோக்கியோ டோம்ல ராய்ஸோட ஒன்றரை மணி நேரம் மோதி கிரேஸி பக்கத்துலேர்ந்தே டவல் வர வெச்சாரு, ஆகஸ்ட்ல அதே பிடியைப் போட்டு ஹென்ஸோ கிரேஸி முழங்கையைக் கழட்டினாரு. ஹென்ஸோவும் டேப் பண்ணல. அந்தக் குடும்பமே அப்படி.

அதனால என் ஓட்டு ஜப்பான் ரெஸ்லிங்காரங்களுக்குத்தான், அதுலயும் சடோரு சயாமாவுக்கு. 1981ல புலி முகமூடி மாட்டிக்கிட்டு டைகர் மாஸ்க்னு இனோகியோட ரெஸ்லிங் கம்பெனில பறந்து பறந்து அடிச்ச ஆளு, சின்னப் பசங்களுக்கெல்லாம் ஹீரோ. பேசி வெச்சு ஆடுறது அலுத்துப்போய் 1983ல உச்சத்துல இருக்கும்போதே வெளிய வந்துட்டாரு, 1985 வாக்குல ஷூட்டோன்னு தனி விளையாட்டையே உருவாக்கினாரு. அடி, எறி, தரைப் பிடி மூணையும் ஒரே ஆளு ஒரே பயிற்சியா கத்துக்கணும், விரல் திறந்த கிளவுஸ் மாட்டணும், எடைவாரியா மோதணும். 1989ல ப்ரொஃபஷனல் மேட்ச்சே நடத்திட்டாரு. யூஎஃப்சி எடைப் பிரிவு கொண்டுவந்ததும் கிளவுஸை கட்டாயமாக்கினதும் 1997லதான். 1980லயே பிட்ஸ்பர்க் பக்கம் டஃப் கை-னு ரெண்டு பேர் இது மாதிரி நடத்தினாங்க, ஒத்துக்கிறேன், ஆனா 1983ல பென்சில்வேனியா அரசு சட்டம் போட்டே தடை பண்ணிடுச்சு, வளரவே விடல.

சரி ஷூட்டோ அவ்ளோ கெட்டின்னா கிரேஸி முன்னாடி ஏன் நிக்கலைன்னு உடனே கேப்பீங்க. நியாயமான கேள்விதான். சயாமாவே 1994ல வாலே டுடோ ஜப்பான்னு போட்டி வெச்சு ஹிக்ஸன் கிரேஸியை கூப்பிட்டாரு, ஹிக்ஸன் வந்து எல்லாரையும் சுருட்டிட்டுப் போயிட்டாரு. மறுவருஷம் புடோகான்ல ஷூட்டோ சார்பா வந்தது யூகி நகாய், 70 கிலோ சொச்சம்தான் இருப்பாரு. முதல் மேட்ச்லயே எதிர்ல கோர்டோ, ஆமா அதே பல்லு பறக்கவிட்ட கோர்டோ. விரலை கண்ணுக்குள்ள விட்டு நோண்டினதுல நகாய்க்கு வலது கண் பார்வை போச்சு, அதோட நாலாவது ரவுண்டு வரைக்கும் போய் குதிகாலைத் திருகி ஜெயிச்சாரு, அடுத்து தன்னைவிட ரொம்பப் பெரிய கிரெய்க் பிட்மேனை ஆர்ம்பார்ங்கிற கைப்பூட்டுல முடிச்சாரு, ஃபைனல்ல ஹிக்ஸன்கிட்ட தோத்தாரு. கண்ணு போனது வெளிய தெரிஞ்சா இந்த விளையாட்டையே தடை பண்ணிடுவாங்கன்னு ரொம்ப நாள் வாயே திறக்கல. அதுக்கப்புறம் எம்எம்ஏ ஆட முடியலைன்னதும் போய் கிரேஸிங்க வித்தையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவையே கத்துக்கிட்டு பராஸ்ட்ரான்னு ஜிம்மு திறந்தாரு, பேர் வாங்கின எம்எம்ஏ வீரர் ஷின்யா அவோகி எல்லாம் அங்க வளந்த ஆளுதான்.