நோட்டில் மூன்று கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் கத்தல், கதவை உதைத்தல். மகன் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி வைத்ததும் ஆரம்பித்தது. இருபது நிமிடம் தாங்கினேன். அப்புறம் நானும் கத்திவிட்டு, "எடுத்துத் தொலை" என்று திருப்பிக் கொடுத்தேன். வீடு உடனே அடங்கிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இப்படித் தோற்றுப்போகிறேனே என்று அழுகையாக வந்தது.

மார்ச் 6, வியாழன்

ஆலோசகரிடம் போனேன். "அவன் கத்தின பிறகு நீங்க என்ன செய்வீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சுழலைப் பல வருடம் ஆராய்ந்தவராம். பிள்ளை கத்துகிறது, பெரியவர் இறங்கி வருகிறார். பிள்ளைக்குக் கேட்டது கிடைக்கிறது, பெரியவருக்கு நிம்மதி கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் பலன் இருப்பதால் இரண்டு பேரும் அதையே திரும்பச் செய்கிறோம். அவன் என்னைப் பழக்கி வைத்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்: முன்னால் நடந்தது, அவன் செய்தது, பின்னால் நடந்தது.

மார்ச் 10, திங்கள்

நடுக்கட்டத்தில் "பிடிவாதம்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "ரிமோட்டைச் சுவரில் எறிந்தான்" என்று மாற்றினேன். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும்.

விஷயமெல்லாம் முதல் கட்டத்தில் இருக்கிறது. ஐந்து முறையில் நான்கு முறை, விளையாட்டின் நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கியிருக்கிறேன். தூக்கமும் போதவில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். இவன் எட்டு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை. இனி ஒன்பது மணிக்குப் படுக்கை. டேப்லெட்டை வாங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

நாற்பது நிமிடம் கத்தினான். இதுவரை பலித்த வழி பலிக்காமல் போனால் பிள்ளை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும் என்று ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அவ்வளவு பலத்திலிருந்தே தொடங்குமாம். அவன் கண்ணில் படுகிற மாதிரி தரையில் உட்கார்ந்திருந்தேன். கை நடுங்கியது. கொடுக்கவில்லை.

மார்ச் 19, புதன்

டேப்லெட்டை மேஜையில் டொம்மென்று வைத்தான். எறியவில்லை! "கோபமா இருந்தும் நீயே கொண்டுவந்து வெச்சே" என்றேன். 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, செய்ததை அப்படியே சொல்லும் பாராட்டுதான் பிள்ளைக்குப் புரியும். பதில் சொல்லாமல் என் தோளில் சாய்ந்துகொண்டான்.

மார்ச் 22, சனி

பெரியவளுக்குப் பதினைந்து வயது. நான் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அம்மா, நோட்டு தம்பிக்கு மட்டும்தானா? நான் கத்தறதில்ல, அதான் யாரும் பாக்கறதில்ல."

அவள் அறைக்கதவு சாத்தியே கிடப்பதும், தோழிகளிடம் பேச்சை நிறுத்தியதும் எனக்குத் தெரியும். வயசு அப்படி என்று விட்டிருந்தேன். நோட்டை மூடிவிட்டு அவள் அறையில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. போகச் சொல்லவும் இல்லை.