சிக்னல் கட்டாயிருச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி: ஒம்பதரை கிலோ ப்ளேனும் ஒரு ப்ளக் கேப்பும்

ரிமோட்ல ஓட்டுற மாடல் ப்ளேன் பறக்கவிடுற எந்த கிரவுண்டுக்குப் போனாலும் சரி, ப்ளேன் கீழ விழுந்த அடுத்த செகண்டு ஒரு டயலாக் வரும், "சிக்னல் கட்டாயிருச்சுப்பா". பார்ட்டி ஸ்லோவா பறக்கவிட்டு ஸ்டால் பண்ணிருப்பாரு (வேகம் பத்தாம ரெக்கை தூக்குறதை விட்டுர்றது), இல்ல எலிவேட்டர் லிங்க் (மூக்கை ஏத்தி இறக்குற வால் பலகைக்குப் போற கம்பி) கழண்டிருக்கும், இல்ல பேட்டரிக்கு நேத்து சார்ஜே போட்டிருக்க மாட்டாரு, ஆனா பழி என்னமோ தூரத்துல நிக்கிற செல்ஃபோன் டவர் மேலதான் விழும். டவர் எதுத்துப் பேசாதுல்ல. அரைக்கிலோ ஃபோம் ப்ளேன்னா அப்படியே சொல்லிட்டு ஒட்டி எடுத்துட்டுப் போயிரலாம், யாருக்கும் நட்டமில்ல. பெரிய ப்ளேன்ல அந்தப் பேச்சு செல்லாது. ஒம்பதரை கிலோ, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சுன்னா அதுல இருக்க சக்தி, 140 கிலோமீட்டர் ஸ்பீடுல வர்ற கிரிக்கெட் பந்து ஒரு பதினஞ்சை ஒரே நேரத்துல வாங்குற மாதிரி, இதை கணக்குப் போட்டே பாத்துட்டேன். அதுவும் முன்னாடி 22 இன்ச் ப்ரொப்பெல்லர் சுத்திக்கிட்டு.

எங்க செட்டுல மூத்தவரு ஒருத்தர் இருக்காரு, ரயில்வேல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, எல்லாருக்குமே அவரு ஃபோர்மேன் சார்தான். அவரு வீட்டு மாடியில உக்காந்து பொறுமையா கட்டுனது ஒரு பைப்பர் கப் ஜே-3, நாலுல ஒரு பங்கு ஸ்கேல். நிஜ ப்ளேனுக்கு ரெக்கை 10.7 மீட்டர், அப்ப இதுக்கு 2.7 மீட்டர் வாக்குல வரும். 55 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின், ஆறு சர்வோ, அதாவது ரிமோட் சொல்றபடி ஒவ்வொரு கன்ட்ரோலையும் அசைக்கிற குட்டி மோட்டார். நாங்க பறக்கவிடுறது மேலூர் பக்கம் ஒரு கண்மாயில, பங்குனி சித்திரையில தண்ணி வத்திப்போனா உள்ள நல்லா கெட்டியான தரை கிடைக்கும், சுத்தி சீமைக்கருவேல மரம், ஏர்போர்ட் இருக்கது அவனியாபுரம் பக்கம் ஊருக்குத் தெக்க, அதனால அந்தத் தொந்தரவும் இல்ல.

பிரச்சனை என்னன்னா, ப்ளேன் ஏறும்போது, ஃபுல் த்ராட்டில்ல, இடது பக்க ஐலரான் (ப்ளேனைச் சாய்க்கிறதுக்கு ரெக்கைக்குப் பின்னாடி இருக்க பலகை) சும்மா சும்மா துள்ளுது. ஒரு ரவுண்டுல அதுபோக அரை செகண்டு போல ப்ளேன் எதையுமே கேக்காம நேரா போச்சு, பெறகு கேட்டுச்சு. ஃபோர்மேன் சார் பதறல, த்ராட்டிலைக் குறைச்சு பெரிய வட்டமா போட்டு பத்திரமா இறக்கிட்டாரு. இறக்குனதும் கூடி நின்ன அத்தனை பேரும் ஒரே குரல்ல டவரு டவருன்னாங்க. சாரும் என்கிட்ட "தம்பி, அந்தா தெரியுதுல்ல, அதுதேன்"னாரு.

டவர்ல விஷயமே இல்லன்னு நான் சொல்லல. நம்ம ரிமோட் வேலை செய்யிறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது 2400ல இருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், லைசன்ஸ் தேவையில்லாத ஏரியா, வைஃபை ப்ளூடூத் எல்லாம் இங்கதான் குடியிருக்கு. இதுக்கு ஒட்டுன மாதிரி கீழ 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்டுல நம்ம நாட்டுல 4ஜி ஓடுது. டவருக்கு ரொம்பப் பக்கத்துல போனா அந்தப் பலமான சிக்னல்ல, ப்ளேனுக்குள்ள ரிமோட் சிக்னலை வாங்குற நம்ம ரிசீவருக்குக் காது மந்தமாகலாம். ஆனா டவர்தான் காரணம்னா அதே இடத்துல, அதே உயரத்துல மத்தவன் ப்ளேனும் தடுமாறணும்ல? அதே மாதிரி ரிசீவர் போட்ட ஃபோம் ப்ளேன் ஒண்ணை அதே ரூட்டுல ஓட்டிப் பாத்தோம், அது சமத்தா போயிட்டு வந்துச்சு. டவர் விடுதலை.

இப்ப முக்கியமான இடம். பழைய 72, 35 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் செட்டு காலத்துல இன்டர்ஃபியரன்ஸ் வந்தா சர்வோ எல்லாம் கன்னாபின்னான்னு ஆடும், ஒரே சேனல் க்ரிஸ்டல் வச்சிருக்க இன்னொருத்தன் ரிமோட்டை ஆன் பண்ணா உன் ப்ளேன் காலி, அதுக்காகவே துணி க்ளிப்புல சேனல் நம்பர் எழுதி போர்டுல மாட்டி வைப்பாங்க, க்ளிப் யாரு கையில இருக்கோ அவன் மட்டும்தான் ஆன் பண்ணலாம். 2.4ல கதையே வேற. ரிசீவர் ஒவ்வொரு டேட்டா பாக்கெட்டையும் செக் பண்ணும், கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டுட்டு கடைசியா வந்த நல்ல கமாண்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும், ரொம்ப நேரம் எதுவும் வரலைன்னா ஃபெயில்சேஃப்புக்கு, அதாவது நாம முன்னாடியே செட் பண்ணி வச்ச பாதுகாப்பு நிலைக்குப் போயிரும். அதாவது ரேடியோ லிங்க் போனா சர்வோ ஆடாது, உறைஞ்சு நிக்கும், அதுவும் எல்லாம் சேந்து நிக்கும். ஒரே ஒரு ஐலரான் மட்டும் துள்ளுதுன்னா அது அந்த சர்வோவோ, அதுக்குப் போற வயரோதான். ஆக எங்க கையில இருந்தது ஒரு நோய் இல்ல, ரெண்டு. துள்ளுறது ஒண்ணு, அரை செகண்டு உறைஞ்சது ஒண்ணு. இதைப் பிரிக்காம மொத்தமா "இன்டர்ஃபியரன்ஸ்"னு பேர் வச்சா ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது, ரிமோட் மாத்து ரிசீவர் மாத்துன்னு காசுதான் போகும்.

முதல்ல ரேஞ்ச் செக், சிக்னல் எட்டுதான்னு பாக்குற டெஸ்ட். ரிமோட்டை அந்த மோடுல போட்டா பவர் நல்லா இறங்கிரும், அந்த நிலையில சுமார் 30 மீட்டர் தள்ளி நின்னு எல்லா கன்ட்ரோலும் சுத்தமா வருதான்னு பாக்கணும், தூரம் செட்டுக்கு செட்டு கொஞ்சம் மாறும், மேனுவல்ல இருக்கும். இன்ஜின் ஆஃப்ல பாத்தோம், சுத்தம். வாலை ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு இன்ஜினைப் போட்டு ஐடில்ல பாத்தோம், சுத்தம். பாதி த்ராட்டில் கொடுத்ததும் இடது ஐலரான் ஆரம்பிச்சிருச்சு. ஆனா டெலிமெட்ரில (ப்ளேன்ல இருந்து ரிமோட்டுக்குத் திரும்பி வர்ற தகவல்) பாக்கெட் எதுவும் விடுபடல, லிங்க் கல்லு மாதிரி நிக்குது. (இந்த டெஸ்ட்டுல யாரும் ப்ரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டுல நிக்கக்கூடாது, பின்னாடிதான் நிக்கணும், ப்ளேடு பிச்சுக்கிட்டா அந்தப் பக்கவாட்டுலதான் பறந்து வரும்.)

அப்ப இன்ஜின்தான் காரணம், ஆனா இன்ஜின்ல எது? அதிர்வா, ஸ்பார்க்கா? டூ ஸ்ட்ரோக் பெரிய இன்ஜின் அதிர்வுல சர்வோவுக்குள்ள அதோட நிலையைக் காட்டுற பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) கெட்டுப்போனாலும் இதே மாதிரிதான் துள்ளும். இதைப் பிரிக்கிறதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. ப்ளக்கைக் கழட்டி வெளிய எடுத்து, ப்ளக் கேப்புக்குள்ளயே சொருகி, அதோட உடம்பு இன்ஜின் மெட்டல்ல தொடுற மாதிரி கட்டி வச்சுட்டு, டேங்க்கை எடுத்துத் தூரமா வச்சுட்டு, பெட்ரோல் வாடையே இல்லாம பாத்துக்கிட்டு, ப்ரொப்பெல்லரை கையால சுத்தணும். இன்ஜின் ஓடல, அதிர்வு கிடையாது, ஆனா காந்தம் சென்சாரைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் ஸ்பார்க் மட்டும் அடிக்கும். கேப்புல ப்ளக் இல்லாம மட்டும் இக்னிஷனை (ஸ்பார்க் கொடுக்குற எலக்ட்ரானிக் பெட்டி) ஆன் பண்ணிறாதீங்க, மாட்யூல் செத்துரும்.

சுத்துனோம். ஒவ்வொரு "டிக்"குக்கும் ஐலரான் ஒரு துள்ளு. மாட்டிக்கிச்சு.

அந்த நேரம் பாத்து ஒத்தக்கடையில டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்க மாப்ள ஒருத்தன் வண்டியில கிடந்த பழைய டிரான்சிஸ்டரை எடுத்துட்டு வந்தான். மீடியம் வேவ்ல எந்த ஸ்டேஷனும் இல்லாத இடமா வச்சு, இக்னிஷன் வயர் பக்கமா மெதுவா நகத்துனா, நடு வயர்ல ஒண்ணும் பெருசா இல்ல, ப்ளக் கேப் கிட்ட போனதும் டப் டப்புன்னு அடிக்குது. கேப்பைத் திருப்பி உள்ள பாத்தா, ப்ளக்கோட அறுகோணத்தை இறுக்கிப் பிடிக்க உள்ள ஒரு ஸ்ப்ரிங் வளையம் இருக்கும், அது விரிஞ்சு தொளதொளன்னு கிடக்கு. வயர் மேல சுத்தியிருக்க மெட்டல் வலைதான் ஸ்பார்க்கால வர்ற இந்த மின் இரைச்சல், அதாவது நாய்ஸ், வெளிய வராமப் பிடிச்சு வைக்கிறது, அந்த வலை கேப் வழியா, கேப் அந்த வளையம் வழியா இன்ஜினோட எர்த்தைத் தொடணும். தொடலைன்னா பல ஆயிரம் வோல்ட் ஓடுற வயருக்கு வெளிய ஒரு ஆன்டெனாவைக் கட்டிவிட்ட கணக்குதான். சாயங்காலம் வெளிச்சம் மங்குன பிறகு ப்ளக்கை அதோட இடத்துல போட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பாத்தோம், கேப்புக்கும் ப்ளக்குக்கும் நடுவுல குட்டியா நீலமா ஒரு பொறி ஓடுறது கண்ணுக்கே தெரிஞ்சுச்சு.

அது ஏன் இடது ஐலரானுக்கு மட்டும்? இக்னிஷன் பெட்டி இருக்கது இடது பக்கம், அந்த ரெக்கைக்குப் போற நீள வயர் அதை உரசிக்கிட்டுதான் போகுது. சர்வோவுக்குப் போற சிக்னல் 1ல இருந்து 2 மில்லிசெகண்டு நீளமுள்ள ஒரு சின்ன பல்ஸ், அதுல நாய்ஸ் ஏறுனா சர்வோ அதையும் கமாண்டுன்னு நம்பிரும். வளையத்தை மாத்தி, வயரை முறுக்கி வேற பக்கமா எடுத்து, நாய்ஸைத் தடுக்குற ஃபெரைட் வளையம் ஒண்ணு போட்டு, ரிசீவருக்கும் இக்னிஷனுக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, த்ராட்டிலுக்குப் போற கம்பியை எடுத்துட்டு நைலான் ராடு போட்டாச்சு. கம்பி போட்டா அதுவே நாய்ஸை இன்ஜின்ல இருந்து ரிசீவர் வரைக்கும் கொண்டாந்து விட்டுரும். துள்ளல் போச்சு.

அந்த அரை செகண்டு உறைஞ்ச கதை வேற. அதுக்கும் காத்துல வர்ற எதுக்கும் சம்பந்தமே இல்ல, அது கரண்டு பிரச்சனை. அஞ்சு செல் நிக்கல் பேக், பேருக்கு 6 வோல்ட், நடுவுல ஒரு சின்ன ஸ்லைடு ஸ்விட்ச், நூல் மாதிரி வயரு. டிஜிட்டல் சர்வோ ஒண்ணு முக்கிப் பிடிச்சா 2 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஆறும் சேந்து இழுத்தா அந்த ஸ்விட்ச் என்ன பண்ணும் பாவம். தரையில நின்னே எல்லா ஸ்டிக்கையும் ஒண்ணா வேகமா ஆட்டிப் பாத்தா மீட்டர்ல 4.2 வரைக்கும் இறங்குச்சு, மேல காத்து அழுத்தத்துல இன்னும் இறங்கும், பல ரிசீவர் 3.5 வோல்ட் வாக்குல அணைஞ்சு திரும்ப எந்திரிக்கும். எந்திரிக்கிற அந்த நேரம்தான் ப்ளேன் கேக்காம போன நேரம். ரெண்டு பேட்டரி, ரெண்டு ஸ்விட்ச், தடிச்ச வயர். ஸ்விட்ச் வித்த கடைக்காரரு "பெரிய ப்ளேனுக்கே தாங்கும் சார்"னுதான் கொடுத்தாராம், அவரைச் சொல்லி என்ன.

ஆன்டெனாவைப் பத்தி ரெண்டே வார்த்தை. 2.4ல அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், அதுல கால்வாசி 31 மில்லிமீட்டர், ரிசீவர் வயர் நுனியில உறை உரிஞ்சு தெரியுற அந்தக் குட்டித் துண்டுதான் ஆன்டெனா, மத்தது வெறும் கேபிள். ரெண்டு நுனியும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா, கார்பன் ஃபைபரு, பேட்டரி, பெட்ரோல் டேங்க் இதுகளுக்கு விலகி இருக்கணும். ரிமோட் ஆன்டெனா நுனியை ப்ளேனுக்கு நேரா நீட்டாதீங்க, நுனிப் பக்கமாத்தான் சிக்னல் ரொம்பக் கம்மி.

ஃபெயில்சேஃப் பத்தி மட்டும் நான் கறாரா பேசுவேன். ப்ளேனைக் கட்டி வச்சுட்டு, இன்ஜின் ஓடும்போது ரிமோட்டை ஆஃப் பண்ணிக் காட்டச் சொல்லுவேன், த்ராட்டில் ஐடிலுக்கு வரணும், இல்ல இன்ஜின் நிக்கணும். வரலைன்னா அன்னைக்கு அந்த ப்ளேன் பறக்காது, ஓனர் யாரா இருந்தாலும் சரி. இக்னிஷனை ரிமோட்ல இருந்தே அணைக்கிற ஆப்டிக்கல் கில் ஸ்விட்சும் வேணும், கண்மாய்க்குள்ள கீதாரி ஆடு கிடை போட்டிருப்பாங்க, கரையில பிள்ளைக வேடிக்கை பாக்கும், மயில் எங்கிட்டு இருந்து எந்திரிச்சு வரும்னே தெரியாது.

ஓட்டுறதுலயும் சின்ன ப்ளேன் பழக்கத்தை விட்டுரணும். இந்தக் கப்புக்கு நான் போட்ட கணக்குல ஸ்டால் ஸ்பீடு சுமார் 39 கிலோமீட்டர். 60 டிகிரி சாய்ச்சு திருப்புனா ரெக்கை ரெண்டு மடங்கு வெயிட்டைத் தூக்கணும், ஸ்டால் ஸ்பீடு 1.41 மடங்கு ஆகி 55 ஆயிரும். இறங்க வரும்போது ஸ்பீடைக் குறைச்சுக்கிட்டு, ரன்வே தாண்டிப் போயிட்டோமேன்னு கடைசித் திருப்பத்துல இழுத்துத் திருப்புறவன் அங்கதான் மாட்டுவான், ஒரு ரெக்கை மட்டும் தொபுக்குனு விழும், அப்பவும் "சிக்னல் போச்சு"ம்பான். வெயிட் 20 சதவீதம் ஏறுனா ஸ்டால் ஸ்பீடு 10 சதவீதம்தான் ஏறும், பயப்பட ஒண்ணுமில்ல, நீளமா அப்ரோச் எடுத்து, கொஞ்சம் த்ராட்டில் வச்சுக்கிட்டே தரை வரைக்கும் கொண்டாரணும், கப்புக்குத் திரும்பும்போது ஐலரானோட ரட்டரும் (மூக்கை இடம் வலமா திருப்புற வால் பலகை) சேத்துக் கொடுக்கணும், இல்லேன்னா மூக்கு எதிர்ப்பக்கம் போகும். ஆடி மாசக் காத்துல பெட்டியைத் திறக்காம இருக்கது உத்தமம், மேகாத்து அடிக்கிற அடியில கண்மாய்க் கரைக்குப் பின்னாடி காத்து சுழிக்கும், வெயிட்டான ப்ளேனையே கீழ அமுக்கிரும்.

சட்டம் கேக்குறவங்களுக்கு: 2021 ட்ரோன் விதிகள்ல 25 கிலோ வரைக்கும், கண்ணுக்கு எட்டுற தூரத்துல, பொழுதுபோக்குக்கோ படிப்பு ஆராய்ச்சிக்கோ பறக்கவிடுற மாடலுக்குத் தனியா ஒரு வகையே இருக்கு. க்ரீன் ஜோன்ல, அதாவது முன்கூட்டி அனுமதி வாங்கத் தேவையில்லாத ஏரியாவுல, 120 மீட்டர் உயரம், ஏர்போர்ட் காம்பவுண்டுல இருந்து 8ல இருந்து 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 60 மீட்டர்தான், அதைவிடக் கிட்டன்னா சும்மா போய்ப் பறக்கவிட முடியாது, அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பாத்துட்டுக் கிளம்புங்க.

ஃபோர்மேன் சார் ப்ளேன் இப்ப நல்லா ஓடுது. ஓட்டி முடிச்சதும் டெலிமெட்ரில குறைஞ்சபட்ச வோல்டேஜ் என்னன்னு பாத்து, பெட்டி மூடிக்கு உள்பக்கம் பென்சிலால எழுதி வைக்கிறாரு, கடைசியா பாத்தப்ப 5.7. அது 5.5க்குக் கீழ வந்தா அன்னைக்குப் பறக்குறதில்லன்னு அவரா ஒரு ரூல் போட்டிருக்காரு. டவரை மட்டும் இன்னும் ஒரு மாதிரியாத்தேன் பாக்குறாரு.