தட்டை ரொட்டி: காய்க்கு அடியில் இருந்த பசைக்கோடு ஒருவழியாகப் போனது

காலைச் சாப்பாட்டுக்காகச் செய்துவரும் காய்கறி ரொட்டியில், காய்க்கும் ரொட்டிக்கும் நடுவே ஓடிய அந்தச் சாம்பல் நிறக் கோடு இன்று இல்லை. வெட்டிய துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் பழுப்பு, அதற்கு மேல் துளைவிட்ட வெள்ளைப் பகுதி, அதற்கு மேல் நேராகத் தக்காளியும் சுக்கினியும் (வெள்ளரிபோல் இருக்கும் பூசணி வகைக் காய்). இடையில் வேகாத மாவு துளிகூட இல்லை. துண்டைக் கையில் எடுத்து நீட்டினால் முனை தொங்கவில்லை. இவ்வளவு நாள் விடாமல் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான் என்பதால், எப்படி வந்தது என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய இரவு 240 கிராம் மைதா, 60 கிராம் முழுக்கோதுமை மாவு, 210 கிராம் குளிர்ந்த நீர், 6 கிராம் உப்பு, 1 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 10 கிராம் ஆலிவ் எண்ணெய். மாவின் எடையில் 70 சதவீதம் நீர். கலந்து அரை மணி நேரம் விட்டு, இடைவெளி விட்டு மூன்று தரம் மடித்து, எண்ணெய் தடவிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள். காலையில் எழுந்ததும் வெளியே எடுத்து இரண்டாகப் பிரித்து உருட்டி மூடி வைத்துவிட்டால், காய் வேலை முடிவதற்குள் மாவு நெகிழ்ந்துவிடும். 25 சென்டிமீட்டர் வார்ப்பிரும்புச் சட்டிக்கு ஓர் உருண்டை சரியாக இருக்கிறது.

இந்தப் பசைக்கோட்டுக்கு மாவில் நீர் அதிகம் என்பதுதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அதைச் சோதிக்க 60 சதவீதத்துக்கு இறக்கிப் பார்த்தேன். ரொட்டி கெட்டியானதே தவிர, கோடு அப்படியே இருந்தது. பிறகு அதே 70 சதவீத மாவை, மேலே காய் எதுவும் வைக்காமல் எண்ணெய் மட்டும் தடவிச் சுட்டேன். அருமையாக வெந்தது. அப்போதே மாவின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. ஈரம் மேலிருந்துதான் இறங்குகிறது.

கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தக்காளியிலும் சுக்கினியிலும் ஏறக்குறைய 95 சதவீதம் நீர். காளானிலும் குடைமிளகாயிலும் 92 சதவீத அளவில். வெங்காயத்தில் 89 அளவில். ஒரு ரொட்டிக்கு 150 கிராம் தக்காளியும் சுக்கினியும் வைத்தால், 140 கிராமுக்கு மேல் நீரைக் கொண்டுபோய் மேலே வைக்கிறோம். அடியில் இருக்கும் மாவு உருண்டைக்குள் இருக்கும் நீரோ 105 கிராம்தான்! மாவுக்குள் இருப்பதைவிட அதிகமான நீரை அதன் தலையில் ஏற்றிவிட்டு, மாவின் ஈரத்தைக் குறை சொல்வதில் பொருளே இல்லை.

இதற்கு வெப்பத்தை ஏற்றினால் போதுமே என்று தோன்றலாம். போதாது. ஒரு கிராம் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு, அதே நீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாகும் வரை அந்த இடத்து வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. ரொட்டி நிறம் மாறுவதற்கோ 140 டிகிரிக்கு மேல் வேண்டும். அடிப்பக்கம் கருகத் தொடங்கும் நேரத்தில்கூட, காய்க்கு நேர் கீழே இருக்கும் மாவு நீரில் ஊறிக்கொண்டு இருக்கும். ஆகவே நீரை அடுப்பில் விரட்டப் பார்க்காமல், ரொட்டிக்கு மேலே ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இனி ஒவ்வொரு காயாக. இதில்தான் என் நேரமெல்லாம் போனது.

தக்காளியை 4 மில்லிமீட்டர் கனத்தில் வட்டமாக வெட்டி, காயின் எடையில் 1 சதவீதம் உப்புத் தூவி, ஒரு சல்லடையில் பரப்பி, அடியில் கிண்ணம் வைத்து அரை மணி நேரம் விடுகிறேன். உப்பு வெளியில் இருப்பதால் செல்லுக்குள் இருக்கும் நீர் தானாக வெளியே வரும். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் வைத்து, மேலே இன்னொரு துணியால் மெதுவாக ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, சதை கிழிந்துவிடும். 1 சதவீதத்தோடு நிறுத்தினால் உப்பைக் கழுவ வேண்டிய தேவையும் இல்லை, கரிக்கவும் இல்லை. வெட்டும் கனம் முக்கியம். 2 மில்லிமீட்டராக வெட்டினால் ஒற்றும்போதே குழைந்துவிடுகிறது. 7, 8 மில்லிமீட்டர் என்றால் நடுவில் இருக்கும் நீர் அசைவதே இல்லை. இதற்காகவே ஒரு நல்ல ரம்பப்பல் கத்தி வைத்திருக்கிறேன். மழுங்கிய கத்தி தக்காளியை வெட்டாது, நசுக்கும்.

விதையையும் அதைச் சுற்றிய கூழையும் வழித்து எறியச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது கொஞ்சமும் ஒப்பவில்லை. தக்காளியின் ஆழமான சுவைக்குக் காரணமான குளூட்டமேட், சதையைவிடக் கூழில்தான் அதிகம். அதை எறிந்துவிட்டு மேலே ஏதேதோ மசாலாவைத் தூவுவது எதற்கு? கிண்ணத்தில் வடிந்த சாற்றையும் கூழையும் சிறு வாணலியில் ஊற்றிச் சுண்டவைத்தால் ஒரு தேக்கரண்டி கெட்டியான விழுது கிடைக்கும். ரொட்டி இறக்கும்போது காய்களின் மேல் தடவினால் போதும், தக்காளி இரட்டிப்பாகத் தெரியும்.

சுக்கினி இன்னும் பிடிவாதம். வட்டமாக வெட்டி உப்பிட்டால் ஓரளவுதான் நீர் விடும். துருவி, உப்பிட்டு, துணியில் கட்டிப் பிழிந்தால்தான் முழுப் பலன். என் தராசில் கால் பங்குக்கு மேல் எடை குறைகிறது. வட்டங்கள் பார்க்க அழகு என்பதால் சில நாள் வட்டமாகவே வைத்தேன். ஆனால் பிழிந்த துருவலில் கொஞ்சம் எண்ணெய் கலந்து மெல்லிசாகத் தூவும்போது ஓரங்கள் பொன்னிறமாகிற அழகுக்கு வட்டம் ஈடாகாது. இனிமேல் துருவல்தான்.

காளானுக்கு உப்பு வேலை தேவையில்லை. எண்ணெய் இல்லாத சூடான சட்டியில் போட்டு, அது தன் நீரை விட்டு, அந்த நீரும் வற்றி, சட்டியில் கீச்சென்று சத்தம் வரும்வரை வதக்கி, அதற்குப் பிறகுதான் எண்ணெய். காளானின் செல்சுவரில் சூட்டில் இளகாத கைட்டின் என்ற பொருள் இருப்பதால் அதிக நேரம் வதக்கினாலும் குழையாது. மற்ற காய்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வெங்காயத்தை மிக மெல்லிசாகச் சீவி, இழை இழையாகப் பிரித்து, எண்ணெயில் பிசிறி வைத்தால் போதும். எண்ணெய் படாத நுனிதான் கருகிக் கசக்கும். குடைமிளகாய் நெருப்பில் வாட்டித் தோல் உரித்தது. கீரையை வதக்கி, ஆறியதும் உள்ளங்கையில் வைத்துப் பிழிய வேண்டும். பூண்டைக் காய்களோடு வைக்காமல், நசுக்கி எண்ணெயில் போட்டு வைத்து, கடைசியில் தடவுகிறேன்.

நீரை இவ்வளவு எடுத்த பிறகும் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது. அதைப் போக்கியது திருப்பிப் போடுகிற வேலை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வழக்கமாகப் பச்சை மாவின் மேல் காயை அடுக்கி அப்படியே சுடுவோம். பச்சை மாவின் மேற்பரப்பு ஈரத்தை எளிதாக உறிஞ்சும். நான் இப்போது செய்வது: சட்டியை மிதமான தீயில் நன்றாகக் காயவிட்டு, மாவைக் கையால் விரித்து, எண்ணெய் இல்லாமல் அப்படியே போடுகிறேன். ஒன்றரை நிமிடத்துக்குள் மேலே குமிழ்கள் எழும், மேற்பரப்பின் பளபளப்பு மங்கும். அந்த நொடியில் திருப்பிவிட வேண்டும். இப்போது வெந்த பக்கம் மேலே, பச்சைப் பக்கம் சட்டியில். தீயைக் குறைத்துவிட்டு, வெந்த பக்கத்தில் எண்ணெய் தடவி, அதன் மேல் காயை அடுக்குகிறேன். மாவுச்சத்து வெந்து இறுகிய பரப்பு, அதன் மேல் எண்ணெய்ப் படலம். காயில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரமும் கீழே இறங்க வழியில்லாமல் மேலேதான் ஆவியாக வேண்டும்.

திருப்பும் நேரத்தில் கவனம் வேண்டும். சீக்கிரம் திருப்பினால் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு கிழியும். தாமதமானால் அந்தப் பக்கம் கருத்து, பிறகு ஓவனின் மேல்சூட்டில் மறுபடி சுடும்போது கசக்கும். வெளிர் பொன்னிறத்தில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் சரி. சட்டியின் சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வைத்திருக்கிறேன். 220 முதல் 230 டிகிரி காட்டும்போது மாவைப் போட்டால் எனக்குச் சரியாக வருகிறது. அந்தக் கருவி இல்லாதவர்கள் ஒரு துளி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். உடனே சீறி மறைந்தால் இன்னும் காய வேண்டும், துளி உருண்டையாகி ஓடினால் போதும். கனமான வார்ப்பிரும்பு இதற்கு மிக அவசியம். மெல்லிய சட்டியில் குளிர்ந்த மாவு விழுந்ததும் சூடு இறங்கிவிடும், குமிழே வராது.

இங்கே ஈஸ்ட்டைப் பற்றியும் மாவைப் பற்றியும் புலம்பாமல் இருக்க முடியவில்லை. மாவுப் பொட்டலத்தில் முன்பக்கம் முழுக்கப் படம் போடுகிறார்கள். நமக்கு வேண்டிய ஒரே எண், 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்பது, பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த ரொட்டிக்கு 11 முதல் 12 கிராம் இருந்தால்தான் விரிக்கும்போது கிழியாமல் நீளும். 9 கிராம் மாவு பிஸ்கட்டுக்கு நல்லது, இதற்கு வேண்டாம். வாங்குவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். ஈஸ்ட்டைப் பெரிய டப்பாவாக வாங்குவதை நிறுத்திவிட்டேன். காலாவதி தேதிக்கு வெகு முன்பே சக்தி போன ஒரு டப்பா எனக்கு வந்து சேர்ந்தது. விற்பவரிடம் கேட்டால் தேதியைக் காட்டுகிறார். காற்றுப் புகாமல் அடைத்த சிறு பொட்டலங்களே மேல். பிரித்ததை இறுக்க மூடி ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் நிற்கும். சந்தேகம் வந்தால், கை பொறுக்கும் சூட்டில், 40 டிகிரிக்கு மேல் போகாத நீரில், சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிடம் பார்த்தால் நுரை சொல்லிவிடும்.

சரி, மீண்டும் சட்டிக்கு. காய் அடுக்கியதும் அடியை ஓர் ஓரத்தில் தூக்கிப் பார்த்து, நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தால் சட்டியோடு ஓவனுக்குள், மேல்சூட்டுக் கம்பிக்கு ஒரு சாண் கீழே. மூன்று நான்கு நிமிடம் போதும். ஓவனை முன்கூட்டி முக்கால் மணி நேரம் சூடாக்கும் வேலை இல்லை என்பதால் காலை நேரத்துக்கு இது மிகவும் வசதி. மேல்சூடு இல்லாதவர்கள் சட்டியை மூடிபோட்டு வேகவைக்க வேண்டாம். மூடியில் திரளும் நீர் முழுவதும் ரொட்டியின் மேலேயே சொட்டும். அதற்குப் பதில் எல்லாக் காயையும் முன்பே முழுதாக வதக்கிவிட்டு, மூடாமல் சிறு தீயில் அடியை மட்டும் முடித்தால் நன்றாகவே வரும்.

இறக்கியதும் கம்பித் தட்டில்தான் வைக்க வேண்டும். பீங்கான் தட்டில் வைத்தால் அடியிலிருந்து வரும் ஆவி அங்கேயே குளிர்ந்து நீராகி, பாடுபட்டு வரவைத்த மொறுமொறுப்பைச் சில நிமிடத்தில் கெடுத்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் போதும்.

அடுத்து முட்டை. காய்களுக்கு நடுவே குழி விட்டு ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தேன். வெள்ளைக்கரு இறுகுவதற்குள் சுக்கினியின் ஓரம் கறுக்கத் தொடங்குகிறது. வெள்ளைக்கருவிலும் ஏறக்குறைய 90 சதவீதம் நீர்தானே. மஞ்சள் கருவைத் தனியே வைத்துக்கொண்டு, வெள்ளையை முதலில் ஊற்றி, பாதி இறுகியதும் மஞ்சளை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இது இன்னும் முடியவில்லை.

அதற்குள் இன்னொன்று மனதில் ஓடுகிறது. தக்காளியில் வடியும் சாற்றைச் சுண்டவைக்காமல், அடுத்த மாவுக்கே ஊற்றிவிட்டால் என்ன? இன்றைய சாறு 60 கிராம் டப்பாவில் இருக்கிறது. இன்றிரவு 210 கிராம் நீரில் 60 கிராமுக்குப் பதில் அதை ஊற்றிப் பிசையப்போகிறேன். சாற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மாவுக்கு 6 கிராமுக்குப் பதில் 5 கிராம் உப்பு. புளிப்பு சேர்ந்தால் மாவு கொஞ்சம் இறுகலாம், அதற்கு ஒரு மடிப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.