அப்பாவின் பைக் சத்தம்

முதலாண்டு உளவியல் தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். எதிர்மறை வலுவூட்டல் என்றால் என்ன? பாதிப் பேர் ‘தண்டனை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

“தெருமுனையில் அப்பா பைக் சத்தம் கேட்டதும் தம்பி டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பான். திட்டு விழாது. மறுநாளும் அப்படியே செய்வான்.”

முழு மதிப்பெண் போட்டேன்.

தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். இங்கே திட்டிலிருந்து தப்புவது, புத்தகம் எடுக்கும் செயலை வளர்க்கிறது. அதுதான் எதிர்மறை வலுவூட்டல். உளவியலாளர் ஸ்கின்னர் சொன்னது அவள் வீட்டுக் கூடத்தில் தினமும் நடக்கிறது!

சாப்பாட்டுக்கு முன் கேட்டுப் பழகிய ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாவ்லோவின் சோதனையைக் கடகடவென ஒப்பிப்பவர்களிடம், “ஊசி போட்டுக்கொண்ட குழந்தை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே அழுகிறதே, ஏன்?” என்று கேட்டால் திகைக்கிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. நாம் கேட்கும் கேள்விகள் அப்படி.

தேர்வே கூடாது என்பவளில்லை நான். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

சரி, அடுத்த வாரம் இன்னொரு சின்னத் தேர்வு வைக்கப்போகிறேன். ஒரே கேள்வி: உன் வீட்டில் யார், எதை, எப்படிப் பழகிக்கொண்டார்கள்?