அருகில் நின்று பார்த்த ஆசிரியரும் தடுமாறும் பயிற்சி மருத்துவர்களும்

இம்மலருக்குப் பள்ளி நினைவுகளை எழுதித் தருமாறு குழுவினர் கேட்டபோது, எனது தொழிலில் நாள்தோறும் கைகொடுத்து வருகிற ஒரு பள்ளி அனுபவத்தையும், அது எனக்குத் துணைநிற்கும் பணியையும் பற்றியே எழுத விரும்பினேன். விளையாட்டுப் போட்டிகளையும் விடுதி வாழ்க்கையையும் என்னைவிடச் சுவைபட எழுதக்கூடிய நண்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். பட்டம் பெற்ற பின்னர் ரெசிடென்ட், ரெஜிஸ்ட்ரார் என்ற நிலைகளில் சிறப்புப் பயிற்சி பெறும் மருத்துவர்களுள் நடுவழியில் தடுமாறுகிறவர்களைக் கண்டறிந்து, அவர்கள் பயிற்சியை நன்றாக முடிப்பதற்கு உதவுவது பல ஆண்டுகளாக எனது பொறுப்புகளில் ஒன்றாக இருந்து வருகிறது. நம் சங்க உறுப்பினர்களில் மூத்த மருத்துவர்களும் உண்டு, பிள்ளைகளை இப்பயிற்சிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் உண்டு என்பதால், இதை இங்கே எழுதுவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

உயர்தர வகுப்பில் எங்களுக்கு இரசாயனவியல் கற்பித்த ஆசிரியர், செய்முறை வகுப்பு நடக்கும்போது நாற்காலியில் அமர்ந்து நான் கண்டதில்லை. ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து மற்றொன்றின் செறிவை அளக்கும் நியமிப்புப் பரிசோதனையில் என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு வாசிப்பு வந்துகொண்டிருந்தது. எழுத்துத் தேர்வில் அவன் எப்போதும் முன்வரிசையில் நிற்பவன் ஆதலால், அது அவனுடைய கவனக்குறைவு என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அவனருகில் வந்து நின்று, ஒரு நியமிப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். பிறகு, "தம்பி, உமக்குக் கணக்கும் தெரியும், இரசாயனமும் தெரியும். கண்தான் மேலே நிற்கிறது. குனிந்து பாரும்" என்றார். வகுப்பிலேயே உயரமான அவன், அளவி என்னும் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் திரவமட்டத்தின் வளைவாகிய பிறையுருவை ஒருமுறை மேலிருந்து சாய்வாகவும் மறுமுறை சற்றுக் குனிந்தும் பார்த்து வாசித்திருக்கிறான். அன்று அமிலத்தையும் காரத்தையும் ஒருபுறம் எடுத்து வைத்துவிட்டு, அளவியில் வெறும் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிக்கும் அந்த ஒரேயொரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அடுத்த கிழமை அவனுடைய வாசிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. குறையுள்ள செயலைத் தனியே பிரித்தெடுத்து, உடனுக்குடன் திருத்தம் பெற்றபடி பயில்வதே திறமையை வளர்க்கிறது என்று உளவியலாளர் ஆன்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993இல் எழுதிய கட்டுரையைப் பின்னாளில் படித்தபோது, எனக்கு நினைவு வந்தது அந்தத் தண்ணீர் நிரப்பிய அளவிதான்.

மருத்துவப் பயிற்சியில் இப்படி அருகில் நின்று திருத்தும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று சொல்ல முடியாது. 1889இல் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஒஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெட்டும் உருவாக்கிய முறையே இன்றைய சிறப்புப் பயிற்சிக்கு முன்னோடி. ஆனால் ஹால்ஸ்டெட்டின் அறுவைச் சிகிச்சைப் பயிற்சி கூர்ங்கோபுர அமைப்பைக் கொண்டது. அடியில் பலர் சேர்வார்கள், உச்சிக்கு மிகச் சிலரே போய்ச் சேர்வார்கள். தடுமாறியவர் ஏன் தடுமாறினார் என்று கேட்க வேண்டிய தேவையே அந்த அமைப்புக்கு இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு. ஒருவரைப் பயிற்சிக்குத் தெரிவு செய்யும் நிறுவனம், அவரை உருவாக்கும் கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடமையை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

தடுமாறும் ஒருவரைப் பற்றிய முதல் செய்தி எனக்குப் பெரும்பாலும் "அவர் கொஞ்சம் பலவீனம்" என்ற ஒற்றை வரியாகவே வந்து சேரும். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய இயலாது. எதில் பலவீனம்? அமெரிக்காவின் பட்டப்பின் மருத்துவக் கல்விக்கான தரச்சான்றுச் சபை, 1999இல் பயிற்சி மருத்துவருக்கு வேண்டிய திறன்களை ஆறாக வகுத்தது: நோயாளர் பராமரிப்பு, மருத்துவ அறிவு, தொடர்பாடல், தொழில்சார் நடத்தை, தன் செயலிலிருந்தே கற்றல், மருத்துவ அமைப்பை அறிந்து இயங்குதல். இந்த ஆறில் எது தளர்ந்திருக்கிறது என்று தெரியாமல் "இன்னும் நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லி அனுப்புவது, நான் பார்த்தவரையில், பெரும்பாலும் பயனற்றது. கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் 1990இல் வரைந்து காட்டிய படிநிலைகளில் 'அறிதல்' அடியிலும் 'செய்தல்' உச்சியிலும் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு அடியை மட்டுமே அளக்கும். உச்சியைக் காண்பதற்கு, அவர் நோயாளியோடு இருக்கும்போது நாமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஒருவரைப் பற்றி, அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றி எழுதுகிறேன். மருத்துவர்கள் காலையில் நோயாளிகளைப் பார்வையிடும் சுற்றில் அவர் நோயாளியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடிவே வராது, கேட்பவர்கள் பொறுமையிழப்பார்கள். அறிவு போதாது என்று மூவர் எழுதியிருந்தார்கள். தேர்வு முடிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மிக நன்றாக இருந்தன. ஆகவே அவர் புதிய நோயாளியைப் பார்க்கும்போது அனுமதி பெற்று ஓர் ஓரத்தில் அமர்ந்துகொண்டேன். மூச்சுத்திணறலோடு வந்திருந்த முதியவர், "இரவில் நிமிர்ந்து படுக்க முடியவில்லை அம்மா, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறேன்" என்றார். இதயச் செயலிழப்பை நோக்கி விரலை நீட்டிக் காட்டும் சொற்கள் அவை. பயிற்சி மருத்துவரோ படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதைக் குறித்துக்கொண்டு, "மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா?" என்ற அடுத்த கேள்விக்குப் போனார். அந்த நோய் அவருக்குத் தெரியாதது அல்ல. கேட்டவை அனைத்தும் அவரிடம் ஒரே எடையோடு குவிந்து கிடந்தன. எது முக்கியம் என்று நின்று எண்ணிப் பார்க்கும் அந்தக் கணம் மட்டுமே இல்லாதிருந்தது.

அதன்பின் நாங்கள் பயின்றது அந்த ஒரு கணத்தைத்தான். ஒவ்வொரு நோயாளியின் படுக்கையை விட்டு நகர்ந்ததும், கணினியில் பரிசோதனை முடிவுகளைத் திறப்பதற்கு முன்னர், நோயாளியின் நிலையை ஒரே வாக்கியத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுபது வயது, மூன்று வாரமாகக் கூடிவரும் மூச்சுத்திணறல், படுத்தால் அதிகம், இரு காலிலும் வீக்கம் என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது. பிறகு இரண்டு மூன்று சாத்தியங்களைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று கூற வேண்டும். முதலில் அவருடைய ஒரு வாக்கியம் அரைப் பக்கத்துக்கு நீண்டது. ஒவ்வொரு நாளும் ஒரு மூத்த மருத்துவர் அதைக் கேட்டு அங்கேயே திருத்துவதென்று ஒழுங்கு செய்திருந்தோம். சில மாதங்கள் கழித்து, இரவுக் கடமையிலிருந்த அவரிடமிருந்து தொலைபேசி அழைப்புப் பெற்ற ஆலோசக மருத்துவர், இரண்டு வாக்கியங்களில் தனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்.

எல்லோருடைய தடுமாற்றமும் இவ்வகையைச் சேர்ந்ததன்று. நன்றாக இயங்கிவந்த ஒருவர் திடீரென்று பிந்தி வரத் தொடங்கினால், குறிப்புகளில் தவறுகள் பெருகினால், முதலில் அவருடைய உறக்கத்தையும் உடல்நலத்தையும் மனச்சோர்வையும் வீட்டுச் சூழலையும் பற்றித் தனிமையில் பரிவோடு கேட்க வேண்டும். அங்கே தேவைப்படுவது சிகிச்சையாகவோ சிறிது விடுப்பாகவோ இருக்கலாம். வேறொரு நாட்டில் பட்டம் பெற்று வந்தவர்களின் நிலை இன்னொரு விதமானது. தாம் முதலில் பணிபுரிந்த இடத்தில் மூத்தவரின் முடிவை எதிர்த்துக் கேட்கும் வழக்கம் இல்லாததால் அமைதியாக நிற்பவரை, புதிய இடத்தில் முனைப்பு இல்லாதவர் என்று எழுதிவிடுகிறார்கள். அவருக்கு மருத்துவத்தைக் கற்பிக்கத் தேவையில்லை. இங்கே ஐயத்தை வெளிப்படையாகக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதை முதல் வாரத்திலேயே ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஆளில்லாமல் வீணாக மனமுடைந்த திறமைசாலிகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மூத்தவர்களாகிய நம்மிடமும் ஒரு குறை உண்டு. முகத்துக்கு நேரே குறையைச் சொல்லச் சங்கடப்பட்டு, மதிப்பீட்டுப் படிவத்தில் "நன்று" என்று எழுதிவிட்டு, தேநீர் அறையில் மட்டும் கவலைப்படுகிறோம். ஓராண்டு முழுவதும் "நன்று" என்றே வாசித்த இளைஞர், ஆண்டு முடிவில் தேர்ச்சி இல்லை என்று கேட்டு இடிந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். இதை அன்பு என்று என்னால் ஏற்க முடியவில்லை. ஜாக் எண்டே 1983இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வலியுறுத்தியதைப் போல, பின்னூட்டம் நேரில் கண்டதைப் பற்றியதாக, உரிய நேரத்தில், திருத்தக்கூடிய செயலைக் குறித்து, தீர்ப்புத் தொனி இல்லாத சொற்களில் அமைய வேண்டும். "உங்களுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை" என்பதை வைத்துக்கொண்டு யாரும் திருந்த முடியாது. "நேற்று மாலை நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் 6.2 என்று ஆபத்தான அளவில் முடிவு வந்தபின் யாருக்கும் அறிவிக்கவில்லை, என்ன நடந்தது?" என்று கேட்டால் உரையாடல் தொடங்கும்.

திட்டத்தை எழுத்தில் வைக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எது மாற வேண்டும், யார் எப்போது நேரில் பார்ப்பார், எந்த நாளில் மீளாய்வு, முன்னேற்றம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். உதவி செய்பவரும் இறுதி முடிவு எடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் தன் பலவீனத்தைப் பயிற்சி மருத்துவர் மறைக்கவே செய்வார். உதவி மிகவும் தேவைப்படுகிறவர்தான் அதைக் கேட்க மிகவும் கூசுகிறார் என்பதையும் மறந்துவிடலாகாது.

போதிய காலமும் நேர்மையான முயற்சியும் கொடுத்த பின்னரும் பாதுகாப்பாகப் பணிபுரிய இயலாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். நோயாளியின் பாதுகாப்பே முதலில் வரவேண்டியது ஆகையால், அவர்களை அப்பயிற்சியிலிருந்து விடுவிக்கும் முடிவை ஆதரித்திருக்கிறேன். அவர்களோடு அமர்ந்து, வேறு துறையைத் தேடுவதற்கும் பரிந்துரைக் கடிதம் எழுதுவதற்கும் நேரம் ஒதுக்குவதை இப்பணியின் பகுதியாகவே கொள்கிறேன்.

புதிய பயிற்சி மருத்துவர் ஒருவர் தங்களிடம் வந்து சேர்ந்தால், முதல் வாரத்திலேயே அவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதை இருபது நிமிடமேனும் குறுக்கிடாமல் பார்க்குமாறு நம் சங்கத்திலுள்ள மூத்த மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாங்கள் பயன்படுத்தும் ஒரு பக்கக் குறிப்புத்தாளை வேண்டுபவர்கள் மலர்க் குழுவினரிடம் தெரிவித்தால் அனுப்பி வைக்கிறேன்.